நல்லூர் கிளினிக்கில் நான் மறைத்த அண்ணன்

கைக்குழந்தையுடன் கரவெட்டியிலிருந்து நல்லூருக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை அக்காவுடனும் அவருடைய ஒன்பது மாத மகனுடனும் போனேன். நாலு மாதம்வரை சிரித்த பிள்ளை. பிறகு கழுத்து நிற்கவில்லை, கைகள் விறைத்தன, சின்னச் சத்தத்துக்கும் துள்ளி அழுதான். அக்காவுக்கு இப்போது மறுபடி மூன்று மாதம். அத்தானுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆங்கில அறிக்கைகளை வாசிக்க வீட்டில் நான் ஒருத்திதான்.

நெல்லியடியில் காலை 6.40 பஸ். ஏறத்தாழ 27 கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலம், ஆளுக்கு 140 ரூபா. வலது பக்கம் இருந்தால் வெயில் படாது. பிள்ளை துள்ளுவதைக் கண்ட நடத்துநர், "அண்ணை, ஹோர்ன் அடிக்காதேங்கோ, சின்னவர் பயப்பிடுறார்" என்றார். "ஹோர்ன் அடிக்காட்டி உவருக்கு பஸ் ஓடாதே!" என்றார் பின்சீட்டு அம்மா ஒருவர். யாழ்ப்பாண பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு 400 ரூபா.

டொக்டர் ஸ்கானை நெடுநேரம் பார்த்தார். மூளை நரம்புகளின் உறை அழிந்துபோகும் அரிய பரம்பரை நோயாக இருக்கலாம், பிறந்தபோது மூச்சுத் திணறியதாலும் இருக்கலாம் என்றார்.

"அப்பாவும் அம்மாவும் சொந்தமோ?"

"ஓம், மாமியின்ரை மகன்தான்" என்றார் அக்கா.

"முந்தி உங்கடை வீட்டிலை இப்பிடிக் குழந்தை ஒண்டு தவறினதோ?"

அக்கா என்னைப் பார்த்தார். கதவடியில் நின்ற தாதி எனக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் ஊர்க்காரி. "இல்லை டொக்டர்" என்றேன்.

எங்களுக்கு மூத்தவன் ஒருவன் பிறந்து பத்தாம் மாதத்தில் இறந்தான். காய்ச்சல் என்றே ஊருக்குச் சொல்லியிருந்தோம். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்த எனக்கு அந்தக் கேள்வி எதற்கென்று நன்றாகத் தெரியும்.

"அப்ப ஒரு மாதம் பொறுத்துப் பாப்பம்" என்றார் டொக்டர்.

பஸ் நிலையத்தில் பிள்ளைக்குக் கரண்டியால் பால் பருக்கிக்கொண்டு அக்கா மெதுவாகச் சொன்னார்: "உன்னைப் பேசேல்லையடி. நானும் வாய் திறக்கேல்லைத்தானே. ஆனா வயித்திலை கிடக்கிறது மாதக்கணக்கிலை பொறுக்குமோ?"

கிளினிக்குக்கே திரும்பினோம். அதே ஆட்டோ.

"இப்பதானே உங்கையிருந்து வந்தனீங்கள், தங்கச்சி. மருந்தை விட்டிட்டியளோ?"

"ஓம் அண்ணை, ஒண்டை விட்டிட்டன்."

நான் உண்மையைச் சொன்னதும் டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். குடும்பப் பரம்பரையைக் கீறியிருந்த தாளில் அண்ணாவுக்கென்று ஒரு சின்னக் கட்டம் போட்டு, இறந்தவன் என்பதற்குக் குறுக்கே கோடு கீறினார். அந்தப் பிள்ளைக்கு எப்போது கழுத்துச் சோர்ந்தது, சத்தத்துக்குத் துள்ளினானா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மாவுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணாவுக்கு என்ன நடந்ததெண்டு டொக்டர் கேக்கிறார், அம்மா."

"பக்கத்திலை ஆர் நிக்கினம்?"

தாதி தலை குனிந்துகொண்டார். "எல்லாரும் நிக்கினம்" என்றேன்.

"கோயில் மணிக்கும் துள்ளுவான்" என்றார் அம்மா.

அன்றே அக்காவிடமும் பிள்ளையிடமும் இரத்தம் எடுத்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை. எனக்குப் பேசிய சம்பந்தம் என்னவாகும் என்றும் தெரியாது. அதைப் பற்றிக் கவலைப்படவே கூசுகிறது.

போகிறவர்கள் தகப்பனையும் கூட்டிப் போங்கள். அவருடைய இரத்தமும் வேண்டும். எங்களுக்கு அதற்காக இன்னொரு பயணம். வீட்டில் குழந்தை ஏதும் இறந்திருந்தால், எத்தனையாம் மாதம், எப்படி என்று பெற்றவளிடமே கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். கேட்டால் மனம் நோகும் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று டொக்டர் எழுதி முடித்துப் பேனாவை மூடிய பிறகும் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.