புங்குடுதீவுக்குப் பேசப் போனேன்

விடிய ஐந்து மணிக்கு நாவலப்பிட்டியில் வண்டி ஏறினேன். சும்மா வேன் இல்லை. உள்ளே இரண்டு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, கை கழுவத் தொட்டி, அடியில் நூறு லீற்றர் பிடிக்கிற தண்ணீர்த் தாங்கி. வெள்ளைக்காரர் ஊர் சுற்றுவதற்காகக் கண்டியில் வாடகைக்கு விடுகிற வண்டி. சாரதியோடு சேர்த்து நாளுக்குப் பதினெட்டாயிரம். மூன்று நாளைக்குப் பிடித்தேன். இந்த வயதில் இவ்வளவு பகட்டா என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

என் மகள் தனம் புங்குடுதீவில் வாழ்க்கைப்பட்டு மூன்று வருடம். அந்த வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை. அழைக்காத வீட்டில் நான் படுக்க மாட்டேன். அதனால் என் படுக்கையை நானே கொண்டு போனேன்.

தனம் தாதி வேலைக்கு யாழ்ப்பாணம் போனவள். அங்கேயே ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அன்று மாப்பிள்ளையின் தாயார்தான் தொலைபேசியில் எனக்குச் செய்தி சொன்னார். “இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. நான் நேர்ல வந்து பேசிக்கிறேன்” என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னை அழைக்கவே இல்லை. எங்கள் பக்கம் கலியாணம் என்றால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் தாம்பாளம் வைத்துப் பேசி முடிக்க வேண்டும். முறைப்படி மாப்பிள்ளை வீட்டார்தான் வர வேண்டும். வருவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தனம் மட்டும் வந்து போவாள். மாமி எப்படி என்று கேட்டால், “அவங்களுக்கு உங்களை நெனச்சாலே பயம்மா” என்பாள். பயம் இருந்தால் நல்லதுதான் என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது தனத்துக்கு ஏழாம் மாதம். பிறக்கிற பிள்ளைக்கு இரண்டு பக்கத்து மடியும் வேண்டுமே. ஆகையால் வீம்பை மடித்து வைத்துவிட்டு, வருகிறேன் என்று மட்டும் தனத்திடம் சொல்லி, தாம்பாளத்தை எடுத்துக்கொண்டேன்.

சாரதி ரிஸ்வான், நாற்பது வயதுக்காரர். புறப்படும் முன் பீலியில் தண்ணீர் பிடித்துத் தாங்கியை நிரப்பினார். மலையிலிருந்து வருகிற ஊற்று எங்கள் பீலியில் இரவு பகலாகக் கொட்டிக்கொண்டிருக்கும். ஆறரைக்குக் கண்டி. ஏழேகாலுக்கு அலவத்துகொடயில் தன் வீட்டு வாசலில் நிறுத்தி, ஒரு பார்சல் இடியப்பம் வாங்கி வந்தார்.

“ஊட்டுல செஞ்சது, தின்னுங்கம்மா. இன்னம் நெறைய தூரம் ஈக்கி.”

மாத்தளை, தம்புள்ளை. வெயில் ஏற ஏற மலைகள் பின்னால் தங்கிவிட்டன. பதினொன்றரைக்கு வவுனியா. அதற்கு அப்பால் கடைப் பலகைகள் தமிழாகின. நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பலகை ஓடிவிடும். இரண்டு மூன்று தரம் நான் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை ரிஸ்வான் கண்ணாடியில் கண்டார் போலிருக்கிறது. பிறகு ஊர் வருகிற இடமெல்லாம் வண்டி மெதுவாகப் போனது. கிளிநொச்சி, பளை, சாவகச்சேரி எல்லாம் முழுதாக வாசித்தேன்.

மூன்றரைக்கு யாழ்ப்பாணம். அங்கிருந்து முப்பது கிலோமீற்றர் இருக்கும். பண்ணைப் பாலம், வேலணை, அப்புறம் கடலுக்கு நடுவில் நீட்டிவிட்ட தெரு. இரண்டு பக்கமும் தண்ணீர். முழங்கால் ஆழத்தில் ஆட்கள் நின்று வலை போடுகிறார்கள். தீவுக்குள் பனையும், பூட்டிக் கிடக்கிற பெரிய கல்வீடுகளும். வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில் என்றார்கள்.

நாலரைக்கு சம்பந்தியம்மா வீட்டு வளவில் வண்டி நின்றது. மெலிந்த உருவம், பெயர் பாக்கியம். வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“வாங்கோ. முதல்ல சாப்பிடுங்கோ. பேசுறதெண்டா பிறகு பேசலாம்.”

மேசையில் நண்டு, கணவாய், முருங்கைக்காய், பொரியல், பாயாசம். ஒருவருக்கு இத்தனையா என்று பார்த்தேன்.

“உட்காருங்க. சாப்பிட்டுக்கிட்டே பேசலாமே” என்றேன்.

அகப்பை அந்தரத்தில் நின்றது. “சாப்பிடேக்கையுமோ?” என்றார்.

என்ன மனுசி இது, வாய் திறக்கவே விடமாட்டார் போலிருக்கிறது என்று எனக்குள் சூடேறியது. சாப்பிட்டுக் கை கழுவினேன். அவர் என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார்.

“சரி, பேசுங்கோ. மூண்டு வரியமா இதுக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறன். என்னை எவ்வளவெண்டாலும் பேசுங்கோ. பிள்ளையளை மட்டும் ஒண்டும் சொல்லாதேங்கோ.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாம்பாளத்தைத் திறந்து வைத்தேன். வெற்றிலை, பாக்கு, தேங்காய், மஞ்சள், ஒரு சேலை, எங்கள் தோட்டத்துத் தேயிலை. “எங்க பொண்ணை உங்க வீட்டுக்குக் குடுக்கிறதைப் பத்திப் பேச வந்திருக்கேன்” என்றேன்.

குசினி வாசலில் நின்ற தனம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அம்மா, அன்னைக்கு போன்ல வந்து பேசிக்கிறேன்னா சொன்னீங்க? இங்க பேசுறதுன்னா திட்டுறது. நம்ம பேசுறதை இவங்க கதைக்கிறதும்பாங்க. ரெண்டு பேரும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.”

சம்பந்தியம்மா நிமிர்ந்தார். “அப்ப நீங்கள் ஏச வரேல்லையோ? கலியாணம் பேசவோ வந்தனீங்கள்? அது முடிஞ்சு மூண்டு வரியமெல்லோ.”

“முடிஞ்சா என்னங்க. பேசாம விட்டது பேசாம விட்டதுதானே.”

அவர் எழுந்து உள்ளே போனார். முகம் கழுவி, நல்ல சேலை கட்டி, மகனையும் கூட்டிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுசி என் ஏச்சுக்கு நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். அவர் வராததை நான் கொழுப்பு என்று நினைத்துக்கொண்டு மலையில் இருந்திருக்கிறேன்.

“இனி உள்ளுக்கு வந்து படுங்கோ” என்றார்.

“கட்டிலுக்கு வாடகை குடுத்தாச்சுங்க” என்றேன். வீம்பு அவ்வளவு லேசில் போகாது.

“அப்ப நானும் வாறன்” என்று தலையணையோடு வண்டியில் ஏறி, மற்றக் கட்டிலில் கால் நீட்டினார். வீட்டுக்குள் படுக்கை ரிஸ்வானுக்குக் கிடைத்தது.

மறுநாள் காலை எனக்குக் குளிக்க இரண்டு பெரிய வாளி நல்ல தண்ணீர் வைத்திருந்தார். பீலியில் நிற்கிற மாதிரி நினைத்து தாராளமாக ஊற்றிக்கொண்டேன். பிறகு தனம்தான் சொன்னாள், கிணறெல்லாம் உவர், குடிக்கிற தண்ணீர் பவுசர் வண்டி கொண்டு வந்தால்தான், அது மாமியின் நாலு நாள் தண்ணீர் என்று. அன்று முழுக்கத் தீவைச் சுற்றினோம். குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகுக்கு ஆட்கள் முண்டியடித்தார்கள். கண்ணகை அம்மன் கோயிலில் கடற்காற்று கற்பூரத்தை நிற்கவிடவில்லை. சம்பந்தியம்மா வண்டிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, திரையை விலக்கி, தெரிந்தவர்களுக்கெல்லாம் கை காட்டினார். எனக்கு அந்த இரண்டு வாளிதான் நெஞ்சில் நின்றது.

மூன்றாம் நாள் விடியப் புறப்படும்போது ரிஸ்வானிடம், தாங்கியில் இருப்பதை இவர்கள் குடங்களில் திறந்துவிடச் சொன்னேன்.

“அப்ப வழியில நம்ம கை கழுவுறது?”

“கடையில கழுவுவோம். தொறங்க தம்பி.”

ஆறு குடம் நிறைந்தது. சம்பந்தியம்மா ஒரு கை அள்ளிக் குடித்தார்.

“இனிக்குது. மலைத் தண்ணியோ?”

“எங்க பீலித் தண்ணிங்க. அங்க சும்மாதான் ஓடுது.”

“சும்மாவோ?” என்று குடத்தைத் துணியால் மூடினார். பிறகு வண்டி யன்னலைப் பிடித்துக்கொண்டு, “வீட்டை போனவுடன போன் எடுங்கோ” என்றார்.

இருட்டுவதற்குள் நாவலப்பிட்டி வந்துவிட்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது. லயத்துக்கு எதிரே பீலி வழக்கம் போலக் கொட்டி, வடிகானில் விழுந்து ஓடியது. ஐம்பது வருடம் அதைப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் ஒன்றும் தோன்றியதில்லை. போய் ஒரு குடத்தை அடியில் வைத்துவிட்டு வந்து, தொலைபேசியை எடுத்தேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

“வந்து சேர்ந்துட்டேங்க. கதைக்கலாமா?” என்று கேட்டேன்.

“பேசுங்கோ, சம்பந்தி” என்றார்.