தம்பிக்கு எந்தப் பெலிக்ஸ்?

கேழ்வரகு மாவு சட்டியில் கருகும் வாசனை வந்தால், ஆரணியில் எங்கள் வீட்டில் அன்று திருநாள். வைகாசி வெயிலில் அம்மா அடுப்பின் முன் உட்கார்ந்து 'கேவுரு ரொட்டி' தட்டுவாள். அதில் ஒன்றுகூட எங்களுக்கு இல்லை, எல்லாம் தெருவில் பசித்து வருகிறவர்களுக்கு. இறந்துபோன என் தம்பி பெலிக்ஸின் பெயர்கொண்ட திருநாள் அது.

தாது வருஷப் பஞ்சத்தில் பட்டு வாங்க ஆளின்றி எங்கள் தெருத் தறிகளெல்லாம் ஓய்ந்துவிட்டன. வயிறு ஒட்டிக் கண் செருகிக் கிடந்த பத்து மாதப் பிள்ளைக்கு, எப்போதாவது எங்கள் பக்கம் வரும் வெள்ளைக்காரச் சாமியார் அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்து, பெலிக்ஸ் என்று பேர் வைத்துப் போனார். மூன்றாம் நாள் அவன் போய்விட்டான். எனக்கு அப்போது ஏழு வயது.

பெயருக்குரிய புனிதர், அந்த 'அர்ச்சியசிஷ்டவர்'தானே மேலே பிள்ளையைக் கைப்பிடித்து நடத்துகிறவர், அவருக்குத் திருநாள் கொண்டாட வேண்டும் என்று மறு வருஷம் அம்மா எங்களுக்குச் செபம் சொல்லித்தரும் உபதேசியாரிடம் போனாள். "எந்தப் பெலிக்ஸ்மா?" என்றார் அவர். ரோமாபுரிக்காரர்களுக்குப் பெயருக்கு அப்படி என்ன பஞ்சமோ! பெலிக்ஸ் என்ற பெயரில் பாப்பரசர்கள் சிலர். பவுல் என்கிற அப்போஸ்தலர் சின்னப்பரைச் சிறையில் வைத்த அதிபதி ஒருவன். இடிந்த சுவருக்குள் ஒளிந்து, அதன் வாயில் சிலந்தி வலை பின்னியதால் சேவகர் கண்ணுக்குத் தப்பிய குருவானவர் ஒருவர். தோளில் பையோடு ரோமாபுரித் தெருக்களில் ரொட்டி பிச்சையெடுத்த துறவி ஒருவர்.

"சிலந்தி நெசவு காப்பாத்துனவரு. நெசவுக்காரன் வூட்டுப் புள்ளைக்கு அவருதான்" என்றார் நைனா.

"அது பசிச்சிகினு போன புள்ள. ரொட்டிக்காரருகிட்டதான் இருக்கணும்" என்றாள் அம்மா. ஒரு மாதம் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசியில் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க நடந்து பங்குக் கோவிலுக்குப் போனாள். புதிதாக வந்திருந்த சாமியார் ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டினார். அன்று ஞானஸ்நானம் பெற்ற ஆண் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பெலிக்ஸ் என்றே எழுதியிருந்தது. அது அந்தப் பழைய சாமியாரின் சொந்தப் பெயராம். அடுத்த வாரமே வாந்திபேதியில் அவரும் இறந்திருந்தார். அவருக்கு எந்தப் பெலிக்ஸின் பெயரென்று பிரான்சில் இருக்கும் அவர் தாய்க்குத்தான் தெரியும் என்றார் புதியவர்.

"மவன் செத்தது அந்தம்மாவுக்குத் தெரியுமாங்க?" என்று கேட்டாள் அம்மா. காகிதம் போட்டிருக்கிறோம் என்றார். திரும்பும் வழியெல்லாம் அந்தத் தாய்க்கும் சேர்த்து அழுதாள். அதன்பின் நைனா வாதாடவில்லை, ரொட்டிக்காரரே நிலைத்தார்.

இப்போது இருவரும் இல்லை. பஞ்சத்தில் செத்தவர்களைப் புதைத்த மேட்டை உழுதுவிட்டார்கள். தம்பி கிடக்கும் இடம் எனக்கே தெரியவில்லை. "பசியோட அனுப்பிட்டேனே" என்று சாகும்வரை அம்மா தன்னையே நொந்துகொண்டாள். அந்தக் கடைசி மூன்று நாளும் அவள் கஞ்சித்தொட்டியில் வரிசையில் நின்று வாங்கிய கஞ்சியை என் கையில் கொடுத்து, "தம்பிக்கு ஊட்டு கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கல்லுடைக்கப் போனாள். ஊட்டினேன் என்றுதான் மூன்று நாளும் சொன்னேன். அந்தக் கஞ்சியைக் குடித்தது நான்.