முதல் ஆளாக வரக் காத்திருந்தவர்

குடிவரவு ஆலோசகர் பரீட்சையில் தேறி, பதிவுக்காகக் காத்திருந்தேன். ஆடி கழிந்ததும் சிட்னியின் பென்டில் ஹில்லில் அலுவலகம் திறப்பேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

ஒருநாள் பலசரக்குக் கடையில் அயலவர் சிவம் அண்ணையைக் கண்டேன்.

“நீர் திறக்கிற அண்டைக்கு முதல் ஆளா நான்தான் வருவன், தங்கச்சி. என்ரை விசாவை மறுத்துப்போட்டாங்கள். அந்த அலுவலை உம்மட்டைத்தான் தரவேணுமெண்டு வேற ஒருத்தரிட்டையும் போகேல்லை” என்றார்.

“கடிதம் எப்ப வந்தது, அண்ணை?”

அவர் சொன்ன திகதியிலிருந்து நாட்களை எண்ணிப் பார்த்தேன். மேன்முறையீட்டுக்கு மறுநாள்தான் கடைசி. பதிவு வராமல் நான் ஆலோசனை சொல்லக்கூடாது. அங்கிருந்தே அவரைப் பதிவுபெற்ற ஆலோசகர் ஒருவரிடம் கூட்டிப்போனேன். அன்று மாலையே மனு போனது.

பதிவு கிடைத்த அன்றே, ஆடியென்றும் பாராமல் கதவைத் திறந்தேன். சொன்னபடி அண்ணைதான் முதலில் வந்தார், ஒரு வேலையும் இல்லாமல்.

இப்போது யார் வந்தாலும், கதிரையில் இருத்துமுன் கடிதம் வந்த திகதியைத்தான் கேட்கிறேன்.