கார்ல்டன் பூங்காவின் கறுப்புக் கோட்டு

தோளில் தூசி எதுவும் இருக்காது. ஆனாலும் சிவபாலன் அங்கிள் தட்டுவார். இடது தோளில் ஒரு தட்டு, வலது தோளில் ஒரு தட்டு. பிறகு பின்னால் நகர்ந்து, கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, "இப்ப சரி. இப்பதான் நீர் அவுஸ்திரேலியாவிலை நிக்கிறீர்" என்று சொல்லிக் கமராவை உயர்த்துவார். பின்னால் மெல்பேர்ண் கார்ல்டன் பூங்காவின் பெரிய நீரூற்று. அதற்கும் பின்னால் குவிமாடம் வைத்த கண்காட்சிக் கட்டடம். நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த 2009ஆம் ஆண்டிலிருந்து இந்தத் தட்டலைப் பார்த்து வருகிறேன். தோள்கள் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றின் மேல் இருக்கும் கறுப்புக் கோட்டு மட்டும் ஒன்றுதான்.

நகரத்துக்கு வெளியே கிரான்பர்னில் அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறார். கேட்டால் "புரொடக்சனிலை இருக்கிறன்" என்பார். விசிற் விசாவில் வந்த தாய் தகப்பனோ, படகில் வந்து தடுப்பு முகாமிலிருந்து வெளியே விடப்பட்ட பெடியனோ, ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் ஏற்றிக் கார்ல்டனுக்குக் கொண்டுவருவது அவர் தானே எடுத்துக்கொண்ட பதவி. கடற்கரைக்குக் கூட்டிப் போகலாமே என்றால் கோபம் வரும். "கடலோ? இந்தப் பெடியள் காணாத கடலோ?"

கோட்டு காரின் டிக்கியில் பொலித்தீன் உறைக்குள் தொங்கும். யாரோ நல்ல உயரமான ஆளுக்குத் தைத்தது. எங்கள் பெடியன்களுக்கு அது சாக்கு. அதற்குத்தான் அங்கிளின் மனைவி இரஞ்சிதம் அன்ரி இருக்கிறார். உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளைக் கைப்பையிலிருந்து எடுத்து, முதுகுப் பக்கத்தில் துணியை மடித்துக் கவ்வவிடுவார். முன்னால் நின்று பார்த்தால் வங்கி மேலாளர். பின்னால் நின்று பார்த்தால் கொடியில் காயும் உடுப்பு. நீரூற்றடியில் எப்போதும் ஒரு சீன மணமகளோ வியட்நாமிய மணமகளோ படத்துக்குக் காத்திருப்பாள். அங்கிள் அவளிடம் கை காட்டி, "எக்ஸ்கியூஸ் மீ, ஒன் மினிட், ஃபமிலி" என்பார். அந்த மினிட் முடிவதற்குள் மணமகனின் முகம் கறுத்துவிடும்.

படத்துக்கு முன் ஒரு விரிவுரை உண்டு. "ஆயிரத்து எண்ணூற்றி எண்பதிலை இஞ்சைதான் உலகக் கண்காட்சி நடந்தது. உலகத்திலை உள்ள சாமான் எல்லாம் கப்பலிலை வந்து இறங்கினது. முடிய எல்லாம் திரும்பிப் போயிட்டுது. நாங்கள்தான் நிண்டிட்டம்."

ஒருமுறை ஒரு அம்மா குவிமாடத்தைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுக் கேட்டார். "உள்ளுக்கை எந்தச் சாமி, தம்பி?"

"சாமி இல்லை அம்மா. சோதினை."

உண்மைதான். எங்கள் பல்கலைக்கழகத் தேர்வுகள் அந்த மண்டபத்துக்குள் நடந்தன. "இந்தப் பிள்ளை உள்ளுக்கை இருந்து சோதினை எழுதினது" என்று அங்கிள் என் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிடுவார். நீரூற்றுக்கு அடுத்த காட்சிப்பொருள் நான். அவர் ஒருநாளும் உள்ளே போனதில்லை. "வெளியிலை நிண்டாத்தான் முழு வடிவும் தெரியும்" என்பது அவர் கட்சி.

சிரிக்கலாம்தான். ஆனால் எனக்குப் பட்டம் தந்ததும் அதே கூரையின் கீழ்தான். வாடகைக்கு எடுத்த அங்கி தோளில் நிற்காமல் வழுகியது. அம்மா ஊசி குத்திவிட்டார். மாலைக்குள் திருப்பிக் கொடுத்தோம். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி அந்த இரவல் அங்கியோடு வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறாள். இதை எழுதும்போது அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

அருந்தவன் 2013 மாசியில் வந்தான். முடிவு வரும்வரை தங்கியிருக்கத் தரும் பிரிட்ஜிங் விசா, வேலை செய்ய அனுமதி இல்லை. டண்டினோங்கில் தன்னைப் போன்றவர்களோடு ஒரு வீட்டில் இருந்தான். யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் வதனி என்ற பெண் அவனுக்காகக் காத்திருந்தாள். அவளுடைய தகப்பன் சிறீஸ்கந்தராசா இன்னும் ஓம் சொல்லவில்லை. இது தெரிந்ததும் அங்கிள் டிக்கியைத் திறந்தார்.

"வேண்டாம் அங்கிள். எனக்கு வேலையே இல்லை. வதனிக்கு அது தெரியும்."

"வதனிக்குத் தெரியும். தேப்பனுக்குத் தெரியுமோ? கையை நீட்டும்."

"பொய் மாதிரி இருக்கும்."

"கோட்டு பொய் சொல்லாது தம்பி. அது சும்மா நிக்கும். பாக்கிறவை எதையும் நினைச்சால் நாங்கள் என்ன செய்யிறது?"

தட்டு, தட்டு. படம் கரவெட்டிக்குப் போனது. சிறீஸ்கந்தராசா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, விசா கிடைக்கும்வரை பொறுத்திருக்கச் சம்மதித்தார். ஆனால் அதே ஒழுங்கையில் இன்னொரு வீட்டுக்கு, லோஜன் என்ற பெடியனின் படம் போயிருந்தது. அதே நீரூற்று, அதே கோட்டு. இரண்டிலும் நடுப் பொத்தான் மட்டும் பழுப்பு நிறம். அது எப்போதோ கழன்று விழ, அன்ரி கையில் கிடைத்த ஒன்றைத் தைத்துவிட்டிருந்தார். ஒழுங்கை முழுவதும் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. "ஒரு பொத்தானை மாத்தத் தெரியாத கள்ளர்" என்றாராம் சிறீஸ்கந்தராசா. தை பிறந்ததும் கனடா மாப்பிள்ளை ஒருவருக்கு நாள் வைக்கப் போவதாகவும் சொல்லிவிட்டார். கனடாக்காரரும் படத்தில் கோட்டோடுதான் நின்றார். பின்னால் பனி கிடந்ததால் அதை யாரும் சந்தேகிக்கவில்லை.

வதனி அருந்தவனுக்கு ஒரு வழி சொன்னாள். சிவபாலன் அங்கிளும் கரவெட்டிதான். அவர் சொன்னால் அப்பா நம்புவார். கோட்டு என்னுடையது, பெடியன் வேண்டாமென்றுதான் சொன்னவன், நான்தான் போட்டுவிட்டேன். அங்கிள் இவ்வளவுதான் சொல்லவேண்டும்.

"இதென்ன பெரிய விசயமோ? ஞாயிற்றுக்கிழமை சொல்லுறன்" என்றார் அங்கிள். அப்போது ஆவணி. ஐப்பசி முடிந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

ஏன் என்று இரஞ்சிதம் அன்ரியைக் கேட்டேன். அவர் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அவர் என்னெண்டு சொல்லுவார் பிள்ளை? கலியாணம் பேசேக்கை எனக்கு வந்த இவரின்ரை படமும் அந்தக் கோட்டோடைதான். ஹோட்டல் அறையிலை ஆரோ வெள்ளைக்காரன் விட்டிட்டுப் போன கோட்டு. இவர் அங்கை கோப்பை கழுவினவர். என்ரை அப்பா கோட்டைப் பாத்து ஓம் எண்டிட்டார். கரவெட்டியிலை இண்டைக்கும் இவரை இஞ்சினியர் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கினம்."

"உங்களுக்குக் கோவம் வரேல்லையோ அன்ரி?"

"வராமலோ? வந்திறங்கின கையோடை கேட்டனான். ஞாயிற்றுக்கிழமை சொல்லுறன் எண்டார்."

கார்த்திகையில் ஒரு ஞாயிறு, அருந்தவன் எங்களுக்கு முன்பே ரயிலில் வந்து நீரூற்றடியில் நின்றான். வெளுத்த சட்டை, கோட்டு இல்லை. அங்கிள் காரைப் பூட்டிவிட்டு வருவதற்குள் கரவெட்டி எண்ணை அழுத்தித் தொலைபேசியை நீட்டினான். "அங்கிள், மணி அடிக்குது."

"பொறும், பொறும்" என்று அவர் காருக்கு ஓடினார். திரும்பி வரும்போது கோட்டைத் தானே போட்டிருந்தார். தொலைபேசியில் கோட்டு தெரியாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பழைய படத்தில் அவருக்கும் அது பெரிதாகத்தான் இருந்திருக்கும். இப்போது வயிற்றில் பூட்ட வரவில்லை. பழக்கத்தில் கிளிப்பை எடுத்த அன்ரி, "இதுக்குக் கிளிப் சரிவராது, கயிறுதான் வேணும்" என்று திரும்பப் பைக்குள் போட்டார். கோட்டின் இரண்டு விளிம்புகளையும் ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தொலைபேசியை வாங்கினார் அங்கிள்.

"ஹலோ, சிறீஸ்கந்தராசா அண்ணையோ? நான் சிவபாலன், மெல்பேர்ணிலை இருந்து. ஓம், ஓம், சுகம். இஞ்சை நல்ல வெயில். இப்ப கண்காட்சிக் கட்டடத்துக்கு முன்னாலைதான் நிக்கிறம். ஆயிரத்து எண்ணூற்றி எண்பதிலை..."

அருந்தவன் படத்துக்கு நிற்பதுபோல நிமிர்ந்து நின்றான். கரவெட்டிக்காரர் சத்தமாகப் பேசிப் பழகியவர்கள். அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கும் கேட்டது. "அதை விடும் சிவபாலன். அந்தப் படத்திலை இருக்கிற கோட்டு ஆருடையது?"

அங்கிள் குவிமாடத்தைப் பார்த்தார். அன்ரி அங்கிளைப் பார்த்தார்.

"கோட்டோ அண்ணை? இஞ்சை எல்லாரும் இப்பிடித்தான் போடுறது. குளிர் நாடு எல்லோ" என்றார். நெற்றியில் வியர்வை ஓடியது. "சரி அண்ணை, லைன் தெளிவில்லை. மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை சொல்லுறன்."

தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். லைன் தெளிவாகத்தான் இருந்தது.

"நீங்கள் சொல்லேல்லை அங்கிள்" என்றான் அருந்தவன். குரலை உயர்த்தவில்லை. "தைக்கு இனி எத்தினை ஞாயிறு கிடக்கு?"

 அங்கிள் கிட்டப் போய், அந்த வெளுத்த சட்டையின் இடது தோளில் ஒரு தட்டுத் தட்டினார். வலது தோளில் ஒரு தட்டு.