உளித் தலைக்கு குரோம் கிடையாது

"இந்த உளியோட தலை மட்டும் இன்னா மேடம், அடுப்புக்கரி மாதிரி கருப்பா கீது?"

நாங்கள் வேலை முடித்துக் கொடுத்த உளி ஒன்றைக் காட்டி இப்படிக் கேட்டுக்கொண்டே முருகேசன் எங்கள் யூனிட்டுக்குள் நுழைந்தார். மேற்குத் தாம்பரத்தில் ஹார்டுவேர் மொத்த வியாபாரம் அவருக்கு. ஸ்பேனர், பிளையர், உளி என்று விலை குறைந்த கைக்கருவிகளைச் செய்து வாங்கி, திருமுடிவாக்கத்தில் எங்களிடம் பளபளக்கும் உலோகப் பூச்சான பிளேட்டிங் போட்டு, கடைகளுக்குக் கொடுப்பார். எங்களுக்கு வரும் வேலையில் பாதி அவருடையதுதான். நான் அங்கே பிளேட்டிங் இன்சார்ஜ்.

முருகேசன் ஒரு புது உளியை மேஜைமேல் வைத்தார். வேறு யாரோ போட்ட வேலை. தலையிலிருந்து நுனிவரை முகம் பார்க்கலாம்.

"கடையில மாட்டினா இதான் மேடம் போவுது. எனக்கும் இப்படியே ஃபுல்லா போட்டுக் குடுங்க."

"முடியாது சார்" என்றேன்.

காரணத்தையும் சொன்னேன். முதலில் நிக்கல், அதன்மேல் குரோம். குரோம் மெல்லிசாக இருந்தாலும் உறுதியானது, ஆனால் வளையாது. உளியின் தலையோ சுத்தியல் அடிக்கு நசுங்கிக் கொடுக்கும். அடியிலிருக்கும் இரும்பு நசுங்கும்போது மேலே இருக்கிற குரோம் உடைந்து தெறிக்கும். அதனால்தான் தலை சொல்யூஷனில் முங்காதபடி ஜிக் என்கிற கொக்கிச் சட்டத்தில் மாட்டுவோம். தலையைக் கருப்பாக்கி எண்ணெய் தடவினால் போதும்.

முருகேசன் காதில் வாங்கவில்லை. "அப்ப ஸ்பேனர் லாட்டையும் சேர்த்து வேற எடம் பார்த்துக்கிறேன்" என்று எழுந்துவிட்டார்.

முதலாளி ஹமீது பாய் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "கேக்குறத போட்டுக் குடுத்துடுங்களேம்மா. இவர் போயிட்டா நம்ம ஆளுங்களுக்கு நான் வேலைக்கு எங்க போவேன்?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். எனக்கும் பயம்தான். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிசாக இருந்தது. எத்தனை வருஷமாக இந்த டேங்கோடு மாரடிக்கிறேன், எனக்குத் தெரியாதா?

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ண முடியாது பாய்" என்று சொல்லிவிட்டு, முருகேசன் கொண்டுவந்த உளியையே கையில் எடுத்தேன். "சார், போறதுக்கு முன்னாடி இத ஒரு தடவை அடிச்சுப் பார்த்துட்டுப் போங்க."

முருகேசன் சிரித்தார். வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த தன் மைத்துனர் செல்வத்தைக் கூப்பிட்டார். செல்வம் எலக்ட்ரீசியன். ஒயர் பதிக்க சுவரில் காடி வெட்டுவது அவருக்கு அன்றாட வேலை. "மச்சான், மேடம் பயப்படுறாங்க. நாலு போடு போட்டுக் காட்டு."

ஆசிட் பக்கம் வேலை செய்யும்போது நான் போடும் கண்ணாடியைக் கழற்றிச் செல்வத்திடம் நீட்டினேன்.

"வெளியில எவன் மேடம் கண்ணாடி போட்டுகினு அடிக்கிறான்?" என்றார் முருகேசன்.

"என் எடத்துல போட்டுக்கிட்டுத்தான் அடிக்கணும். இல்லன்னா சுத்தியல் தரமாட்டேன்."

செல்வம் போட்டுக்கொண்டார். வாசலில் கிடந்த கான்கிரீட் துண்டின்மேல் உளியை வைத்து அடித்தார். முதல் அடிகளில் ஒன்றும் ஆகவில்லை. முருகேசன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் ஓங்கி விழுந்த அடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். செல்வம் தலையைப் பின்னுக்கு இழுத்தார். உளியின் தலையில் குரோம் அவித்த முட்டை ஓடு மாதிரி விரிசல் விட்டு, ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. கண்ணாடியில், வலது கண்ணுக்கு நேராக, ஒரு கீறல்.

முருகேசன் பாய்ந்துபோய் மைத்துனர் முகத்திலிருந்து கண்ணாடியை உருவினார். இரண்டு கண்ணையும் விரித்துப் பார்த்தார். "ஒண்ணும் ஆவலியே மச்சான்? வூட்ல உங்க அக்காகிட்ட இன்னா பதில் சொல்லுவேன்?"

"ஒண்ணும் இல்ல மாமா" என்ற செல்வம், உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா மினுக்குதேன்னு நேத்து நான் வாங்கினத, என் பையிலேர்ந்து நீ எடுத்துகினு வந்துட்ட. நாளைக்கு இத வச்சுத்தான் சைட்ல செவுரு வெட்டலாம்னு இருந்தேன்."

முருகேசன் கீறல் விழுந்த கண்ணாடியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "தலைக்கு வேணாம் மேடம். கருப்பாவே குடுங்க" என்றார். ஸ்பேனர் லாட்டும் எங்களிடமே இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கை படுகிற இடத்துக்கு எவ்வளவு மினுக்கு வேண்டுமானாலும் போடுங்கள், சுத்தியல் படுகிற இடத்துக்கு யார் கேட்டாலும் போடாதீர்கள். நம்மிடம் பேரம் பேசுகிறவர் ஒருவர், அந்த உளியை முகத்துக்கு நேராகப் பிடித்து அடிக்கப்போகிறவர் இன்னொருவர். அவருக்குக் கண்ணாடி கொடுக்க அங்கே நாம் இருக்கமாட்டோம்.