சிவப்புப் பேனாவும் நாற்பத்தாறு கோட்டும்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்த சலவைப் பிரிவில் அவளுக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் சைரன். இரண்டாவது பெயரும் அவளுக்குத் தெரியும். ஆறு சலவை மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடினாலும் அவற்றை மீறிக் கேட்கிற குரல் அவளுடையது. கேட்கும், அவ்வளவுதான். கேட்டதற்காக யாராவது எழுந்து வேலை செய்ததாகச் சரித்திரம் இல்லை. "லோடு போடுங்க" என்று நாலு தடவை கத்தினால், ஐந்தாவது தடவைக்காக எல்லோரும் சாவகாசமாகக் காத்திருப்பார்கள். வீட்டிலும் இதே கதைதான். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தினமும் முப்பது பிள்ளைகளின் கூச்சலில் ஊறிப்போன காது. தங்கமான மனுஷர், ஆனால் அவள் சொல்வதில் பாதி அவர் காதில் ஏறுவதே இல்லை.

தான் ஒன்று சொன்னால் நாலு பேர் கேட்கவேண்டும். வாழ்க்கையில் அவள் பெரிதாக ஆசைப்பட்டது இது ஒன்றுக்குத்தான். சூப்பர்வைசர் ஆகிவிட்டால் கேட்டுத்தானே தீரவேண்டும் என்று பதினோரு வருஷமாக அந்தப் பதவிமேல் ஒரு கண். இரண்டு தடவை கைநழுவிப் போனது. மூன்றாவது தடவை கிடைத்தது. ஆனால் மேனேஜர் அதில் ஒரு கொக்கி வைத்துத்தான் கொடுத்தார்.

"மூணு மாசம் பார்ப்போம்மா. அதுக்குள்ள ஒரே ஒரு பேனா லோடு வந்தாலும் திரும்ப மடிப்பு மேசைக்குத்தான். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

பேனா லோடு என்றால் சலவைப் பிரிவில் எல்லோருக்கும் குலை நடுங்கும். டாக்டர்கள் வெள்ளைக் கோட்டின் பையில் பேனாவை மறந்துவிடுவார்கள். பையைத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் மெஷினில் போடவேண்டும். துழாவாமல் போட்டால், கொதிக்கிற தண்ணீரில் பேனா பிளந்து ஐம்பது கோட்டும் நாசம். மாதத்துக்கு ஒன்றாவது வரும். யார் போட்ட லோடு என்று மட்டும் கண்டுபிடிக்கவே முடியாது. மேனேஜர் வந்து கேட்டால், "பேனா எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியலைங்க சார்" என்று ஒருமித்த குரலில் பதில் வரும். கூட்டுப் பிரார்த்தனை தோற்றது.

பதவி கொடுத்த கையோடு மேனேஜர் அவளை மாடியில் நடந்த ஒருநாள் பயிற்சி வகுப்புக்கும் அனுப்பிவைத்தார். டை கட்டிய ஒருவர் படம் போட்டுக் காட்டிப் பேசினார். "நீங்க மாறினா உங்க ஆளுங்க மாறுவாங்க. வாயால சொல்லாதீங்க, செஞ்சு காட்டுங்க" என்றார். மற்றவர்கள் ஏசிக்காக வந்து கண்ணயர்ந்துகொண்டிருந்தார்கள். சைரன் ஒருத்திதான் வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள். அவளுக்குப் பளிச்சென்று ஏதோ விளங்கினாற்போல் இருந்தது. இத்தனை வருஷமும் தொண்டைத் தண்ணீரை வீணாக்கிவிட்டோமே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

மறுநாள் அரைமணி நேரம் முன்னதாகவே வந்தாள். தரையில் படிந்திருந்த பஞ்சுத் தூசியைப் பெருக்கினாள். ஒவ்வொரு கோட்டின் பையையும் தானே துழாவினாள். எல்லாவற்றையும்விடக் கஷ்டமான காரியம், வாயைத் திறக்காமல் இருந்தாள்.

பிரிவு முழுவதும் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது.

மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் மெல்லப் பக்கத்தில் வந்தார். "என்னம்மா, தொண்டையில ஏதாவது கட்டியா? மேல காது மூக்கு தொண்டை டாக்டர் எனக்குத் தெரிஞ்சவர்தான்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே."

அவர் நம்பவில்லை. யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். சூப்பர்வைசர் துடைப்பம் பிடிக்கிறாள், வாயும் திறக்கவில்லை என்றால் மேனேஜர் தண்டனை கொடுத்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? மதியத்துக்குள் இந்தச் செய்தி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. மடிப்பு மேசையில் அவளோடு ஆறு வருஷம் நின்றவள் ஒருத்தி உண்டு. பெயரே மடிப்புக்காரி என்று ஆகிவிட்டது. அவள் கண்கலங்கி, தன் வாழைப்பழத்தில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் செய்தி சைரனின் நாத்தனார் வீடுவரை போய்விட்டது. அவள் ஒரு பை நிறைய ஆப்பிளோடு நோயாளியைப் பார்க்க வருவதுபோல வந்து நின்றாள்.

"மனச விட்டுடாதீங்க அண்ணி. பதவி என்ன பெரிய பதவி, இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும்."

"எனக்கு எங்கடி போச்சு? நான் முன்மாதிரியா இருக்கேன்!"

"சரி சரி, போகல. நீங்க முதல்ல ஆப்பிள் சாப்பிடுங்க."

செய்துகாட்டினால் பார்த்துச் செய்வார்கள் என்றுதான் டை கட்டியவர் சொல்லியிருந்தார். இவர்கள் பார்த்தார்கள். நன்றாகவே பார்த்தார்கள். அக்கா பெருக்குகிறாளே என்று பெருக்குகிறவர் துடைப்பத்தைச் சாத்திவைத்தார். அக்கா பை துழாவுகிறாளே என்று மற்றவர்கள் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்கள். பத்து வாரம் ஒரு பேனா லோடுகூட வரவில்லை என்பது உண்மைதான். அதற்காக அவள் துழாவிய பைகள் ஒன்றா இரண்டா? விரல் நுனியெல்லாம் தேய்ந்துபோயிற்று. யாரும் மாறவில்லை. அவள்தான் இளைத்துப்போனாள்.

இன்னும் இரண்டே வாரம் பாக்கி. மூன்று மாதம் முடிந்தபிறகும் தானே எல்லாவற்றையும் துழாவிக்கொண்டிருக்க முடியுமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள் காலையில் எல்லோரையும் மெஷின் முன்னால் நிறுத்தினாள். சூப்பர்வைசர் ஆனதிலிருந்து குறிப்பெழுத ஒரு சிவப்புப் பேனா வைத்திருந்தாள். பேனா எப்போதும் கொண்டையில்தான் இருக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"நல்லா பாருங்க. மூணு பை. மேல ஒண்ணு, கீழ ரெண்டு. விரல அடிவரைக்கும் விடணும்" என்று நாற்பத்தாறு கோட்டையும் ஒவ்வொன்றாகத் துழாவிக் காட்டினாள். பிறகு மெஷினுக்குள் இடுப்புவரை குனிந்து, துணியைச் சமமாகப் பரப்பி, கதவைச் சாத்தினாள். அவ்வளவு ஒழுங்காகப் போடப்பட்ட லோடு அந்த ஆஸ்பத்திரியில் அதுவரை வந்ததில்லை.

ஒருமணி நேரம் கழித்து மெஷின் அண்ணன் கதவைத் திறந்தார். நாற்பத்தாறு கோட்டும் ரோஜா நிறத்தில் வெளியே வந்தன. சில இடங்களில் ரத்தச் சிவப்பாகவே இருந்தது.

சைரனின் கை தானாகக் கொண்டைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

அண்ணன் மெஷினுக்குள் கைவிட்டு, பிளந்துபோன பேனாக் குழாய் ஒன்றை வெளியே எடுத்தார். அதைப் பார்த்தார், அவள் கொண்டையைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி சொன்னார். "குழந்தைங்க டாக்டர் எப்பவும் சிவப்புலதான் எழுதுவாரு."

"ஆமாமா. நான்கூடப் பார்த்திருக்கேன்" என்றாள் மடிப்புக்காரி. அவள் அந்த டாக்டரை நேரில் பார்த்ததே கிடையாது.

உள்ளதைச் சொல்லவேண்டுமென்றால், தப்பித்தோம் என்றுதான் சைரனுக்கு முதலில் தோன்றியது. பதினோரு வருஷம் காத்திருந்த பதவி, ஒரு பேனாவுக்காகப் போகவேண்டுமா?

கோட்டுக் கேட்டு மேலிருந்து ஆள் அனுப்பி, கடைசியில் மேனேஜரே இறங்கி வந்துவிட்டார். ரோஜா நிறக் குவியலைப் பார்த்து நெற்றியில் கைவைத்தார். "யாரு போட்ட லோடு இது?"

மடிப்புக்காரி ஓரடி முன்னால் வந்தாள். இடது கையைக் கன்னத்தில் வைத்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். "ச்சு" என்று ஒரு தடவை கொட்டினாள். "பேனா எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியலைங்க சார்."

சைரன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் இருந்த கை யாருடையது? அந்தச் சாய்வு, அந்தச் "ச்சு", "சார்" என்கிற இடத்தில் குரல் லேசாகத் தழுதழுப்பது, எல்லாமே சைரனுடையவை. வேலையில் சேர்ந்த முதல் வருஷம் முதல் பேனா லோடுக்கு அவள் கண்டுபிடித்துச் செய்தது. ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் அப்படியே இருந்தது. யாருமே தன்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை என்று பத்து வாரமாகப் பொருமிக்கொண்டிருந்தாளே! கற்றுக்கொண்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிடிபட்டுவிட்டோமே என்கிற வெட்கம் அதில் இல்லை.

"நான்தான் சார்."

அவ்வளவு சன்னமாக வந்தது குரல். மெஷின் இரைச்சலில் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னது?" என்றார் மேனேஜர்.

"என் பேனா சார். கொண்டையிலேர்ந்து விழுந்திருக்கு. லோடு போட்டதும் நான்தான்."

மேனேஜர் சட்டைப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். சேதம் என்று வந்தால் அவர் நிரப்பவேண்டிய படிவம். காரணம் என்ற இடத்தில் மூன்றே கட்டங்கள்: மெஷின் கோளாறு, தண்ணீர்க் கோளாறு, தெரியவில்லை. ஒன்றில் டிக் போட்டார், அடித்தார். இன்னொன்றில் போட்டார், அதையும் அடித்தார். "பன்னண்டு வருஷத்துல இப்படி யாருமே சொன்னதில்லையேம்மா. இத நான் எங்க எழுதறது?" என்றார் எரிச்சலோடு. பிறகு, "பேச்சு பேச்சுதான். நாளைக்குக் காலையில கடிதத்தோட வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் அவள் பேச ஆரம்பித்ததுமே கணவர் டிவியை அணைத்தார். "நீ இவ்வளவு மெதுவா பேசினா எனக்குப் பயமா இருக்கு. என்ன ஆச்சு, ஒழுங்கா சொல்லு."

சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார். "காப்பாத்தத்தானே வந்தாங்க? பேசாம இருந்திருக்கலாமே?"

"அவ அச்சு அசலா என்னை மாதிரியே பொய் சொன்னா. அதப் பார்த்துக்கிட்டு எப்படிப் பேசாம இருக்கறது?" என்றவள் ஓவென்று அழுதுவிட்டாள். அவருக்கு ஆறுதல் சொல்ல வராது. எழுந்துபோய் ஓர் ஆப்பிளை நறுக்கிக்கொண்டு வந்து வைத்தார்.

மறுநாள் காலையில் மடிப்பு மேசைக்குப் போகிற மனநிலையோடுதான் அவள் இறங்கி வந்தாள். மடிப்புக்காரி அவளுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் நடுவில் கிழிந்த ஒரு படுக்கைவிரிப்பு.

"அக்கா, இது போன மாசம் என் கையால கிழிஞ்சது. உலர்த்தற மெஷினுக்குள்ள ஒளிச்சு வெச்சேன்."

மூலையில் ஓடாத உலர்த்தும் மெஷின் ஒன்று வருஷக்கணக்காகக் கிடந்தது. மேனேஜர் அதை ரிப்பேர் பார்க்க ஆள் வரச்சொல்லட்டுமா என்று கேட்கும்போதெல்லாம், வேண்டாம் சார், எதற்கு வீண் சிரமம் என்று எல்லோரும் அக்கறையோடு தடுத்துவிடுவார்கள். மெஷின் அண்ணன் போய் அதன் கதவை அகலத் திறந்துவிட்டார். உள்ளேயிருந்து இஸ்திரியில் கருகிய தலையணை உறை, நீலம் பிடித்த திரைச்சீலை, ஒற்றைக் கையோடு ஒரு கோட்டு என்று வந்துகொண்டே இருந்தன. இடுப்பளவு குவிந்துவிட்டது. "இந்த மூணு என்னுது" என்றார் அண்ணன். பெருக்குகிறவர் கூச்சத்தோடு ஒன்றை எடுத்துக்கொண்டார். கடைசியில் அடியில் ஒன்பது உருப்படிகள் மிஞ்சின. நைந்து, மக்கிப்போய்க் கிடந்தன. யாரும் உரிமை கொண்டாடவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"அது என்னுது" என்றாள் சைரன். "இங்க ஒளிச்சு வைக்கலாம்னு முதல்ல காட்டினதே நான்தானே."

அந்த நேரம் பார்த்து மேனேஜர் கடிதத்தோடு வந்து நின்றார். குவியலைப் பார்த்ததும் வாய் பிளந்தது. யார் என்று அவர் கேட்பதற்குள்ளேயே ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எழுதப் படிவம் போதவில்லை. மேலே போய்க் கட்டாக எடுத்துக்கொண்டு வந்தார். மூன்று கட்டங்களுக்கும் கீழே ஒவ்வொரு தாளிலும் தன் கையாலேயே நாலாவதாக ஒரு கட்டம் வரைந்தார். எழுதிமுடிக்க மதியம் ஆகிவிட்டது.

"இவங்களயெல்லாம் நீங்கதான் சொல்ல வெச்சீங்களா?" என்றார் அவளிடம்.

"இல்லைங்க சார். ஒளிக்கக் கத்துக்குடுத்ததுதான் நான். சொன்னது அவங்களாவே."

மேனேஜர் மடிப்பு மேசைக்கான கடிதத்தை நாலாக மடித்து, அடித்துப்போட்ட தாள்களோடு சேர்த்துக் கசக்கினார். "பேனாவ இனிமே கயித்துல கட்டி மேசையில வைங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினார்.

அவளுக்குப் பதவி தங்கிவிட்டது என்பது புரியவே ஒரு நிமிஷம் ஆயிற்று. எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே அழுக்குக் கோட்டுகள் மலையாகக் கிடந்தன.

"லோடு போடுங்க" என்றாள். சந்தோஷத்தில் சத்தமே வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது.

நாலு பேர் எழுந்தார்கள். முதல் கோட்டை எடுத்த மடிப்புக்காரி, மேலே ஒன்று, கீழே இரண்டு என்று பையைத் துழாவ ஆரம்பித்தாள்.