பஜனைக் குழுவில் நான் போட்ட செய்தி

என் மகன் பட்டாளத்தில் என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால், "ஆபீஸ் வேலைதான்" என்று சொல்லும்படி மருமகள் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நான் பத்தாவது வரை படித்தவன். பூனா பக்கம் கசார்வாடியில் ஒரு சின்னப் பட்டறையில் முப்பது வருஷம் லேத் ஓட்டினேன். எனக்குப் பொய் சரியாக வராது. அதனால் "ஏதோ, சாமி புண்ணியத்துல இருக்கான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தரைப்படை, கப்பல்படை, விமானப்படை மூன்றிலும் பொறுக்கி எடுத்துத் தனியாகப் பழக்கிய ஆட்கள் உண்டு. அவரவர் படைக்கு அவரவர் என்று இருந்தவர்களில் சிலரை எடுத்து இப்போது ஒரே தலைமைக்குக் கீழே சேர்த்திருக்கிறார்கள். என் மகன் அந்தச் சிலரில் ஒருவன். எங்கே போகிறான், எதற்குப் போகிறான், எப்போது வருவான் என்று வீட்டில் யாரும் கேட்கக் கூடாது. அவனும் சொல்ல மாட்டான்.

ஆனால் ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியாமல் போகுமா? பூனாவிலேயே வானவடியில் அவன் வீட்டில்தான் நானும் இருக்கிறேன். கிளம்புகிற அன்று கையில் கட்டியிருக்கும் சாமி கயிற்றைக் கத்தரித்துப் பூஜை அலமாரியில் வைத்துவிடுவான். அடையாளம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாதாம். அதைப் பார்த்துவிட்டால் எனக்கு அவன் திரும்பி வரும்வரை சோறு இறங்காது.

அந்த முறையும் காலையில் அலமாரியில் கயிறு இருந்தது. முதல் நாள்தான் பேத்தியின் காதுகுத்தை இரண்டு வாரம் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று மனைவியிடம் சொல்லியிருந்தான். அதற்கு முந்தின வாரம் சாப்பிடும்போது, "அந்த கப்பல்காரனுங்க எங்கள நீச்சல் குளத்துல பாத்துட்டு, எருமைங்க எறங்கிடுச்சுன்னு சிரிக்கறானுங்கப்பா" என்று அவன் சொன்னதும் ஞாபகம் வந்தது. மூன்றையும் சேர்த்து நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். பத்துப் பன்னிரண்டு நாள் வேலை, தண்ணீர் சம்பந்தப்பட்டது, கப்பல்படையும் கூட வருகிறது.

என் வீட்டுக்காரி மகளின் பிரசவத்துக்கு ஆற்காடு போயிருந்தாள். மருமகள் பேத்தியைப் பள்ளியில் விடப் போயிருந்தாள். வீட்டில் நானும் சாமியும்தான். பயம் தாங்கவில்லை. எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனை பாடுகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. யாருக்காவது ஆபரேஷன் என்றால் அதில் பேரும் நட்சத்திரமும் போடுவார்கள், எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள். என் முழங்காலுக்கே ஒரு தடவை வேண்டியிருக்கிறார்கள். நானும் எழுதினேன்.

"என் மகன், கிருத்திகை நட்சத்திரம், இன்று காலை நாட்டு வேலையாகக் கிளம்பிவிட்டான். இந்த முறை கப்பல்படை ஆட்களோடு சேர்ந்து தண்ணீர் வழியாகப் போகிறார்கள். பத்து நாள் ஆகும். அவன் பத்திரமாகத் திரும்பி வர எல்லோரும் கூட்டுப் பிரார்த்தனை செய்யவும்."

பேரையும் போட்டேன். முகம் தெரிந்தால் மனசு ஒன்றி வேண்டுவார்கள் என்று, சீருடையில் பேத்தியைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படத்தையும் சேர்த்தேன். பத்து நிமிஷத்தில் திரை முழுவதும் கூப்பிய கைகள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று காலை இரண்டு இட்லி சாப்பிட்டேன்.

மதியம் பன்னிரண்டு இருக்கும். மருமகள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். அவள் பூனாவிலேயே பிறந்து வளர்ந்த பெண். பதறினால் பாதி இந்தி வந்துவிடும்.

"மாமா, இது நீங்க போட்டதா?"

அவள் நீட்டிய போனில் நான் எழுதினது இருந்தது. ஆனால் அது எங்கள் குழு இல்லை. பக்கத்துக் குடியிருப்புப் பெண்கள் குழு.

"ஆமாம்மா. வேண்டிக்கறதுக்கு. நாப்பது பேரு கும்பிட்டா..."

"கும்பிடறதுக்கு போட்டோ எதுக்கு மாமா? அரே, பேரு, மூஞ்சி, யூனிஃபார்ம், எத்தினி நாளு, தண்ணி, எல்லாம் போட்டிருக்கீங்க! இன்னும் இன்னா பாக்கி? மேப் ஒண்ணுதான் பாக்கி!"

அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. உடனே குழுவில் இருந்து அழித்தேன். குழுவை நடத்துகிறவர் பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் போன் போட்டு, வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"இன்னாங்க நீங்க, இதுக்குப் போயி வெக்கப்படறீங்க! வீரனைப் பெத்தவரு மாதிரியா பேசறீங்க? நான் எங்க காலனி குரூப்பு, டெல்லி சம்பந்தி குரூப்பு, துபாய்ல இருக்கற மச்சான் குரூப்பு எல்லாத்துலயும் போட்டுட்டேன். இந்நேரம் ஐந்நூறு பேரு கும்பிட்டிருப்பாங்க. கவலையே படாதீங்க!"

போனைக் கீழே வைத்தேன். காலையில் எந்த எண்ணிக்கை எனக்குத் தைரியம் கொடுத்ததோ, அதே எண்ணிக்கை இப்போது பயத்தைக் கொடுத்தது. ஐந்நூறு பேரில் யார் யார்? அவர்கள் யாருக்கு அனுப்புவார்கள்? எங்கேயோ இருட்டில், தண்ணீர் ஓரத்தில், என் பிள்ளை வருவதற்கு முன்பே யாரோ அவன் முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது போல ஒரு காட்சி வந்தது. கண்ணை மூடினாலும் போகவில்லை.

அவசரத்துக்கு மட்டும் என்று மகன் கொடுத்துவிட்டுப் போன ஒரு எண் மருமகளிடம் இருந்தது. அதை அவள் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

"சொன்னா அவர் வேலை போயிடும், மாமா. வேலை போகலைன்னாலும் இந்த யூனிட்டுல வெச்சிக்க மாட்டாங்க. பத்து வருஷமா இதுக்காக உடம்ப ஒடைச்சிக்கிட்டார். சொல்லலைன்னா..."

நான் பூஜை அலமாரி முன்னால் போய் நின்றேன். அன்றைக்கு வேண்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. வேண்டித்தானே இவ்வளவும்!

"போன் பண்ணும்மா. நானே சொல்றேன்" என்றேன்.

எடுத்தவர் யாரோ ஒரு அதிகாரி. எனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எத்தனை மணிக்குப் போட்டேன், எத்தனை பேர் இருக்கிற குழு, யார் யார் மேற்கொண்டு அனுப்பினார்கள் என்று பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கடைசியில், "இதெல்லாம் உங்கள் மகன் சொன்னதா?" என்றார்.

"இல்லை சாகேப். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானே கணக்குப் போட்டேன்."

"எப்படி?"

கயிறு, காதுகுத்து, நீச்சல் குளத்துச் சிரிப்பு, மூன்றையும் சொன்னேன். அதையும் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். பிறகு, "பெரியவரே, இனி யாரையும் கூப்பிடாதீர்கள். யாரிடமும் அழிக்கச் சொல்லாதீர்கள். சும்மா இருங்கள்" என்று வைத்துவிட்டார். என் கணக்கு சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

மூன்று நாள் சும்மா இருந்தோம். கதவு தட்டும் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் எழுந்து நிற்போம், ஆனால் யார் போய்த் திறப்பது என்று தயங்குவோம். ஒரு தடவை காஸ் சிலிண்டர்காரன். ஒரு தடவை இஸ்திரிக்காரன். மூன்றாம் நாள் மத்தியானம் தட்டியது என் மகன்.

நான் அவனைத் தொட்டுப் பார்த்தேன். அழுதேன். அலமாரி முன்னால் விழுந்து கும்பிட்டேன். எழுந்து திரும்பினபோது அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றிருந்தான்.

"என்னை எறக்கிட்டாங்கப்பா. எம் மூஞ்சி வெளிய போயிடுச்சு இல்ல, அதனால. வேலை நிக்கல. நாளையும் வழியையும் மாத்திட்டு, எனக்கு பதிலா வேற ஒருத்தன அனுப்பிட்டாங்க."

"யாருப்பா அது?"

"அதக் கேக்காதீங்க." கொஞ்சம் கழித்து அவனே சொன்னான். "எங்கூடவே பழகினவன். லீவுல ஊருக்குப் போகப் பெட்டி கட்டி வெச்சிருந்தான். பெட்டி அவன் கட்டிலுக்குக் கீழயே கெடக்குது."

நான் வேண்டினது நடந்துவிட்டது. என் பிள்ளை பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டான். அன்றிலிருந்துதான் எனக்கு நிஜமான பயம் ஆரம்பித்தது.

மகனைப் போர்முனையில் நான் பார்த்ததில்லை. அவன் பயந்து பார்த்ததும் இல்லை. இப்போது பார்த்தேன். போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். பேத்தி மடியில் ஏறினால் தட்டிக்கொடுப்பான், கண் மட்டும் போனில் இருக்கும். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு குருக்கள், "பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். நான் விழித்தேன். போனவனின் பேர் எனக்குத் தெரியாது. எந்த ஊர், என்ன பாஷை, சாமி கும்பிடுகிறவனா, எதுவும் தெரியாது.

"சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றேன்.

"என்ன ஓய், எப்பவும் குடும்பத்துல பூனைக்குட்டி வரைக்கும் பேர் சொல்லுவேள். இன்னிக்கு இப்படி?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பேங்க் மேனேஜர் என் தோளைத் தட்டி, "பாத்தீங்களா, நாங்க வேண்டினதுல மகன் சீக்கிரமே வந்துட்டான்!" என்றார். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது? அப்படி ஒரு பிள்ளை போயிருக்கிறான் என்பதைக்கூட வெளியே காட்டக் கூடாது. தீபாராதனை காட்டும்போது, அவனைப் பெற்றவர்கள் இந்நேரம் அவன் லீவில் வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்களே என்று நினைத்தேன். மணிச் சத்தத்தில் நான் விம்மினது யாருக்கும் கேட்டிருக்காது.

மகன் திரும்பி வந்த பதினோராம் நாள் காலை, தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகனின் போன் அடித்தது. எச்சில் கையோடு எழுந்து பால்கனிக்குப் போனான். "ஹாங்... ஹாங்... கௌன்சா பைர்?" என்று கேட்டது மட்டும் என் காதில் விழுந்தது. எந்தக் கால் என்று கேட்கிறான்.

திரும்பி வந்து உட்கார்ந்தான். "வந்துட்டான்" என்றான். மருமகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"கால்ல அடியா?"

"உயிரோட இருக்கான்ப்பா. அவ்ளோதான் சொல்லுவேன்."

"நான் போயி ஒரு தடவ பாத்துட்டு வரட்டுமா? பேரு வேணாம். ஆஸ்பத்திரி மட்டும் சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். "பாத்து இன்னா சொல்லுவீங்க?"

என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். உன் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே போட வைத்தது நான்தான் என்று அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். போக வேண்டாம் என்று யாரும் என்னைத் தடுக்கவில்லை. அதற்கப்புறம் மகனிடம் ஆஸ்பத்திரி எது என்று நான்தான் மறுபடியும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.